அண்ணன் குரலுக்கு வந்த அப்டேட்

அன்பும் அறிவும் ஒருசேர வாய்க்கப்பெற்ற என் அண்ணன் மகளுக்கு (எங்கள் தலைமுறையில் அந்த அறிவு என் பக்கம்தான் கொஞ்சம் அதிகமாக வந்தது, அதை விடு), உன் சித்தப்பா எழுதிக்கொள்வது.

இதெல்லாம் இப்படித்தான் போய் முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். சொன்னேனா இல்லையா? உன் சித்தி இல்லை என்பாள். நான் சொன்ன எதைத்தான் அவள் ஒப்புக்கொண்டாள்? 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்குவதுதான் முறை என்பது எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்ட எனக்கும் தெரியும். நீ நலமா என்று அறிய எனக்கு நிஜமாகவே ஆவல்தான். முதலில் வருகிற அந்த 'நலம்' என்ற வார்த்தையை மட்டும் இந்த ஒரு கடிதத்துக்கு ஓரமாக வைத்துவிட்டு விஷயத்துக்கு வருகிறேன், தப்பாக நினைக்காதே.

நீ சித்திக்கு அனுப்பிய செய்தியை அவள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு எனக்குப் படித்துக் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது, இந்த வருஷமும் லீவு கிடைக்கவில்லை, வீட்டுக்கு வர முடியாது என்று நீ சொன்னாயாம். அப்பா ஒரு வார்த்தைகூடப் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு லைனைத் துண்டித்துவிட்டாராம். 'அப்பாவுக்கு என் மேல அவ்வளவு கோபமா சித்தி?' என்று கேட்டிருக்கிறாய். மகளே, கோபமும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. உங்கப்பா பதில் சொல்லத்தான் பார்த்தார். சொல்ல விடாமல் செய்தது அந்த மவுஸ். மவுஸ்கூட இல்லை, அது பாவம் வாயில்லாப் பூச்சி. அதோடு ஒட்டிக்கொண்டு வந்ததே ஒரு சாப்ட்வேர், அதுதான். இதை உனக்குப் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நான் போனை எடுத்தாலே உங்கப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, 'அவளிடம் சொல்லாதே, அவள் ஆசையாக வாங்கித் தந்தது' என்று சிலேட்டுப் பலகையில் எழுதி என் மூக்குக்கு நேராகப் பிடிக்கிறார். காய்கறிச் சந்தையில் அத்தனை வருஷம் ஏலம் கூவியவர் இல்லையா, எழுதுவதைக்கூடக் கூவுகிற மாதிரிதான் எழுதுகிறார். அதனால்தான் கடிதம்.

அந்த மவுஸை நீ கொண்டு வந்த நாளை நான் மறக்கவில்லை. மறுநாள் உங்கப்பாவுக்கு ஆபரேஷன். தொண்டையில் கட்டி, குரல்வளையை எடுத்தாக வேண்டும், அதற்கப்புறம் பேச்சு வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாமெல்லாம் ஆளுக்கொரு மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நீ மட்டும் ஒரு டப்பாவைப் பிரித்தாய். 'சித்தப்பா, இது கேம் விளையாடுற பசங்க வாங்குற மவுஸ். கட்டைவிரல் பக்கத்துல பன்னிரண்டு பட்டன் இருக்கு பாருங்க. ஒவ்வொண்ணுலயும் அப்பா குரல்ல ஒரு வாக்கியத்தைப் பதிஞ்சிட்டா, அமுக்கினா ஸ்பீக்கர்ல அப்பாவே பேசுவார்' என்றாய். எங்கே பதிந்து வைப்பாய் என்று கேட்டேன். 'இந்த மவுஸோட சாப்ட்வேர்லயே பதியலாம் சித்தப்பா, கம்பெனிக்காரன் மேல கிளவுட்ல பத்திரமா வெச்சிருப்பான்' என்றாய். மேலே என்றால் எத்தனாவது மாடி என்று கேட்டேன். நீ சிரித்தாய். சிரிக்கிற கேள்வியா அது? பத்தொன்பது மாடிக் கட்டடத்தில் ஆயுள் பூராவும் லிப்ட் ஓட்டியவன் கேட்ட கேள்வி. (பதினொன்று என்று உன் சித்தி என் தோளுக்குப் பின்னாலிருந்து திருத்துகிறாள். ஓட்டியது நானா அவளா?) மேலே போய் யார் இறக்கிக்கொள்வார்கள் என்று தெரியாமல் ஒரு நாற்காலியைக்கூட நான் ஏற்றி அனுப்பியதில்லை. கட்டைவிரல் அளவு பிராணிக்கு எதற்கம்மா ஒரு ஆபீஸ் மாதிரி இவ்வளவு பெரிய சாப்ட்வேர் என்று அன்றைக்கே கேட்டேன். பட்டன் விஷயத்தில் என் பேச்சைக் கேட்காமல் போனவர்கள் யாரும் போய்ச் சேர வேண்டிய மாடிக்குப் போய்ச் சேர்ந்ததில்லை.

ஆனாலும் உன் யோசனை நல்ல யோசனைதான், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. பன்னிரண்டே வாக்கியத்தில் ஒரு மனுஷன் மிச்ச வாழ்க்கை முழுக்கப் பேசி முடிக்கணும் என்றால் எதைப் பேசுவது? அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து நாம் போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறதா? உங்கப்பா வழக்கம்போல 'ஃபேனைப் போடு', 'யாரு வந்திருக்கா', 'டாக்டருக்கு வேற வேலை இல்ல' என்று மூன்றை மளமளவென்று முடித்தார். உன் சித்தி, 'சமையல் நல்லா இருக்குன்னு ஒண்ணு பேசி வெச்சிடுங்க மாமா' என்றாள். 'கடைசியாப் பேசறப்ப பொய் சொல்லச் சொல்றியே' என்றார், ஆனால் பேசினார். 'தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்னு ஒண்ணு பதியுங்க அண்ணே, உபயோகப்படும்' என்று நான் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மைக்கைப் பக்கத்தில் இழுத்து, 'சும்மா இருடா' என்று பதிந்தார். உனக்காக ஒன்று பேசினார்: 'பரவாயில்லம்மா, நீ உன் வேலையப் பாரு.' இது எதுக்குப்பா என்று நீ கேட்டாய். 'வேண்டியிருக்கும்மா, வெச்சுக்கோ' என்றார். நீ எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாய். தண்ணீர் குடிக்க உனக்கு அவ்வளவு நேரம் ஆனதை நான் கவனித்தேன், ஆனால் கேட்கவில்லை.

அதற்கப்புறம் அந்தப் பன்னிரண்டு வாக்கியத்தில்தான் இந்த வீடு ஓடியது. தபால்காரர் மணியடித்தால் 'யாரு வந்திருக்கா'. மாத்திரையைக் கொடுத்தால் 'டாக்டருக்கு வேற வேலை இல்ல'. எல்லாவற்றையும்விட அதிகம் உழைத்தது 'சும்மா இருடா' பட்டன். அதன் மேல் அச்சடித்திருந்த எண்ணே தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் கட்டைவிரல் அங்கே போய்விடும். ஒரு தடவை நான் தும்மியதற்குக்கூட அமுக்கினார்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த சாப்ட்வேர் திரையில் ஒரு பெட்டியைக் கொண்டு வந்து நிறுத்தியது: 'புத்தம் புது அனுபவத்துக்குத் தயாரா?' வேண்டாம் என்று சொல்ல அதில் வழியே இல்லை. 'ஆம்', 'பிறகு' என்று இரண்டே இரண்டு. உங்கப்பா 'பிறகு', 'பிறகு' என்று தள்ளிக்கொண்டே வந்தார், படியாத விலையைத் தள்ளுகிற மாதிரி. போன சனிக்கிழமை அதற்குப் பொறுமை போய்விட்டது. கேட்காமலே வேலையை ஆரம்பித்துவிட்டது. கம்ப்யூட்டருக்குள்ளே இருக்கிற காற்றாடி போட்ட சத்தத்தில், வீட்டுக்குள் ஹெலிகாப்டர் இறங்குகிறதா என்று மாடிவீட்டுக்காரர் வந்து கேட்டார். (வந்தது உண்மை. ஹெலிகாப்டர் நான் சேர்த்தது.) தொண்ணூற்றொன்பது சதவீதம் என்று காட்டிவிட்டு, நாங்கள் ராத்திரிச் சாப்பாடு முடித்து, பாத்திரம் கழுவி, வந்து உட்கார்ந்த பிறகும் அதே தொண்ணூற்றொன்பதிலேயே நின்றது. அப்புறம் ஒரு வழியாக முடிந்து மவுஸ் கண்ணைத் திறந்ததம்மா, சிவப்பு, பச்சை, ஊதா என்று துணிக்கடைப் போர்டு மாதிரி மினுக்க ஆரம்பித்துவிட்டது. திரையில் வெளியூர் வானிலை. விலைக்கு வேறு நாலு மவுஸ். 'உங்கள் எதிரிகளை வீழ்த்த எவ்வளவு வேகம் வேண்டும்?' என்று உங்கப்பாவிடம் ஒரு கேள்வி. அவருக்கு எதிரி யாரம்மா, அந்த டாக்டரைத் தவிர? 'இந்த மாதம் உங்கள் மவுஸ் நடந்த தூரம்' என்று ஒரு கணக்கு வேறு. 'உங்களைவிட அது அதிகம் நடந்திருக்கு' என்றாள் உன் சித்தி என்னைப் பார்த்து. எல்லாரும் சிரித்தோம். பட்டனை ஒரு தடவை அமுக்கிப் பார்த்திருக்கலாம். திரையில் அம்புக்குறி அசைந்தது, சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டோம்.

மறுநாள் காலையிலேயே நீ கூப்பிட்டாய். உங்கப்பா சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். லீவு கிடைக்கவில்லை என்று நீ சொன்னதும், நான் பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்தேன், அவர் கட்டைவிரல் நேராக உன் பட்டனுக்குத்தான் போனது. 'பரவாயில்லம்மா.' அமுக்கினார். திரையில் ஒரு கால்குலேட்டர் வந்து நின்றது. மறுபடி அமுக்கினார். இன்னொரு கால்குலேட்டர். சாப்ட்வேர் தன் இஷ்டத்துக்கு எல்லாப் பட்டனுக்கும் வேறு வேலை கொடுத்துவிட்டது, அது எங்களுக்கு எப்படித் தெரியும்? அவர் அமுக்க அமுக்க ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழுந்தது. முதலில் உன் கன்னம் மறைந்தது, அப்புறம் கண், அப்புறம் நெற்றி. கடைசியில் 'அப்பா? அப்பா?' என்கிற உன் குரல் மட்டும் அந்தக் கட்டங்களுக்குப் பின்னாலிருந்து வந்தது. முகத்தைத் திருப்பினார் என்றாயே, என்னைக் கூப்பிடத்தான் திருப்பினார். கூப்பிடக் குரல் இல்லாதவர் வேறு எப்படிக் கூப்பிடுவார்? கால்குலேட்டரை மூடுகிற அவசரத்தில் உன்னையும் சேர்த்து மூடிவிட்டார். திரும்பக் கூப்பிடலாம் அண்ணே என்றேன். 'பேச ஒன்றும் இல்லாமல் எதற்கு' என்று பலகையில் எழுதிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

உடனே நான் களத்தில் இறங்கினேன். உள்ளே போய்ப் பதிந்ததை எடுக்கலாம் என்றால் 'நீங்கள் யார்?' என்று கேட்கிறது அந்த சாப்ட்வேர். ரெண்டு வருஷமாகக் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிற மவுஸ் கேட்கிற கேள்வியா இது? நிரூபிக்க, பதிவு செய்த போனுக்கு ஒரு ரகசிய எண் அனுப்புமாம். அங்கேதான் சிக்கல். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் உங்கப்பா செய்த முதல் வேலை, 'பேசாதவனுக்கு எதற்கு போன்' என்று எழுதிக் காட்டி அந்த நம்பரை ரத்து செய்ததுதான். அது இப்போது வேறு யாரோ ஒருவருக்குப் போய்விட்டது. விடுவேனா? அந்த நம்பருக்கே கூப்பிட்டேன். ஒரு அம்மா எடுத்தார். பின்னால் ஏதோ மெஷின் கடகடவென்று ஓடுகிற சத்தம்.

'அம்மா வணக்கம். உங்க போனுக்கு இப்ப ஒரு நம்பர் வந்திருக்கும், அதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?'

'சொல்லி? என் பேங்க்குல இருக்கிறதை வழிச்சு எடுத்துக்கவா? வயசான குரலா இருக்கு, இந்த வயசுல இப்படி ஒரு பொழப்பா?' வைத்துவிட்டார்.

மறுபடி கூப்பிட்டேன். 'அம்மா, நான் யோக்கியன். லிப்ட் ஆப்பரேட்டரா இருந்தவன்.'

'அப்ப நேரா மேல போயிடுங்க.' மறுபடி வைத்துவிட்டார்.

மூன்றாவது தடவை எடுத்ததும் மூச்சு விடாமல் சொன்னேன். 'இந்த நம்பர் முன்னால எங்கண்ணனோடதும்மா, சந்தையில ஏலம் விடுறவர்!'

'வெங்காய ஏலமா?'

'வெங்காயமும் உண்டு, உருளைக்கிழங்கும் உண்டு.'

'ஓ, அந்த ஆளா! அவருக்கு வர்ற போனையெல்லாம் ஒரு வருஷமா நான்தானேய்யா எடுக்கிறேன்? விடியறதுக்குள்ள எவனாவது கூப்பிட்டு லாரி வந்துடுச்சான்னு கேக்கிறான். நான் சலவைக்கடை வெச்சிருக்கேன், எனக்கு எதுக்கு லாரி? சரி, அவரையே பேசச் சொல்லுங்க. அவர் வாயால ஒரு வார்த்தை கேக்கட்டும், உடனே நம்பரைத் தர்றேன்.'

உங்கப்பா எழுந்து வந்து பக்கத்தில்தான் நின்றிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது. பழக்கத்தில் வாயைத் திறந்தார். அப்படியே மூடிக்கொண்டார். 'அவரால முடியாதும்மா. தொண்டையில ஆபரேஷன். அந்தக் குரலைத்தான் தேடிக்கிட்டிருக்கோம்' என்றேன். அந்தப் பக்கம் மெஷின் சத்தம் நின்றது, அவரே நிறுத்தினார் என்று நினைக்கிறேன். 'எழுதிக்கோங்க' என்றார். அதற்குள் அந்த எண் காலாவதி ஆகிவிட்டது. புது எண் வருகிறவரை வைக்காமல் லைனிலேயே இருந்தார்.

உள்ளே போனேன். நுழைந்ததும் கலர் கலராகக் காகிதம் தூவி வரவேற்றது. 'உங்கள் பதிவுகள்' என்ற அறைக்குள் போனால் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒன்றும் இல்லை. உதவி என்று ஒரு மூலையில் இருந்தது, அதில் யாரோ சிரித்தபடி, 'அன்பான பயனரே, பிரச்சினை விளக்கின் நிறத்திலா, வேகத்திலா, மற்றவையா?' என்று கேட்டார்கள். ஒற்றை விரலால் தட்டித் தட்டி, 'என் அண்ணன் குரலைக் காணவில்லை' என்று எழுதினேன். 'ஸ்பீக்கரின் ஒலியைக் கூட்டிப் பார்க்கவும்' என்று பதில் வந்தது. கூட்டிப் பார்த்தேன் மகளே. அதையும் செய்தேன். கடைசியில், பழைய பதிப்பின் ஒலிப்பதிவுகள் புதிய பதிப்பில் கிடையாது, நீக்கப்பட்டுவிட்டன, முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பினோம் என்று சொல்லிவிட்டு, இந்த உரையாடலுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டது. போனில் அந்த சலவைக்கடை அம்மா, 'கிடைச்சுதாங்க?' என்றார். 'கிடைச்சிடுச்சும்மா, ரொம்ப நன்றி' என்றேன். அவங்க தலையில எதுக்கு அந்தப் பாரத்தையும் ஏத்தணும்?

தெருக்கோடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவரைக் கூட்டி வந்தேன். அவர் முக்கால் மணி நேரம் குடைந்துவிட்டு, 'மெஷின்ல கோளாறு இல்ல சார். அவங்க அழிச்சிட்டாங்க, அவ்வளவுதான். வேணும்னா புதுசா எதையாவது பதிஞ்சுக்குங்க' என்றார். புதுசா எங்கேயிருந்து பதிவது? உங்கப்பா குரல் செய்தி அனுப்புகிற ஆளா, நீயே சொல்லு. எதுவானாலும் நேரே கூப்பிட்டு, தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி பேசி முடிப்பார். பேசியது காற்றோடு போயிற்று. உங்கப்பா மவுஸைத் துடைத்து, வயரைச் சுற்றி, அதன் டப்பாவிலேயே வைத்து மூடினார். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. வேண்டுமென்றே அவர் எதிரில் உட்கார்ந்து கதை அளந்து பார்த்தேன். லிப்டைக் கண்டுபிடித்ததே எங்கள் மேனேஜரும் நானும்தான் என்றுகூடச் சொன்னேன். ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா இருடான்னு சொல்ல ஒருத்தர் இல்லாத வீட்டுல எவ்வளவு நேரம்மா பேசறது? பாதியில நானே நிறுத்திட்டேன்.

ஆனால் நீ கலங்காதே, நல்ல சேதியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். உன் சித்தப்பா தோற்கிற ஆளா? ரிப்பேர்காரரே கைவிட்ட கம்ப்யூட்டரில் நான் தனியாக உட்கார்ந்து துழாவியதில், ஒரே ஒரு பதிவு மட்டும் ஏதோ இடுக்கில் மாட்டிக்கொண்டு பிழைத்துக் கிடந்தது. எது தெரியுமா? உன்னுடையதுதான்! 'பரவாயில்லம்மா, நீ உன் வேலையப் பாரு.' அச்சு அசல் அதே கரகரப்பு. பட்டனில் போட்டுக் கொடுத்தேன். உங்கப்பா அமுக்கிக் கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் அவர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. வருகிற ஞாயிறு நீ கூப்பிடு, உன் காதாலேயே கேட்பாய். அவருக்கு உன் மேல் ஒரு துளி வருத்தமும் கிடையாது. லீவுக்காக யார் காலிலும் விழாதே, நிம்மதியாக உன் வேலையைப் பார்.

நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு. நீ தொட்டதெல்லாம் துலங்கவும், உன் தலைக்கு மேல் இருக்கிற அதிகாரிகளுக்கெல்லாம் நல்ல புத்தி வரவும் நானும் சித்தியும் மனமார வாழ்த்துகிறோம். மாடிவீட்டுக்காரரும் உன்னை விசாரித்தார்.

இப்படிக்கு,
உன் அன்புச் சித்தப்பா

பின்குறிப்பு: இதையெல்லாம் உன் சித்தி படித்துப் பார்த்துவிட்டு உறையைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். உண்மையை எழுதினால்தான் ஒட்டுவாளாம். சரி, எழுதறேன். எந்தப் பதிவும் பிழைக்கலம்மா. ஒண்ணுகூட. அது நான் கட்டின கதை. உங்கப்பா குளிக்கப் போயிருந்த நேரத்துல, அவர் மாதிரியே தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, அந்தப் 'பரவாயில்லம்மா'வை நான் பேசிப் பதிஞ்சு வெச்சேன். சின்ன வயசுல வீட்டுக்கு வர்றவங்களுக்கு எங்க ரெண்டு பேர் குரலும் வித்தியாசம் தெரியாது. அவர் வந்து அமுக்கினார். சிரிக்கல. கண்ல தண்ணியும் இல்ல. 'குரல் ஒத்துப்போகலையா அண்ணே, இன்னொரு தரம் பேசட்டுமா?'ன்னேன். பலகையை எடுத்து, 'குரல் கிடக்கட்டும், இந்த வார்த்தை வேண்டாம்'னு எழுதினார். வேற எது வேணும்னு கேட்டேன். பலகையை உள்ளங்கையால துடைச்சார். அன்னிக்குப் பன்னிரண்டையும் பதியறப்ப நீ அவர் பக்கத்துலயே உக்காந்திருந்தியா, அதனால அந்த ஒரு வார்த்தை மட்டும் யாருக்கும் தோணவே இல்ல மகளே. எழுதிக் காட்டினார். நான் பேசிப் பதிஞ்சுட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டா அதைத்தான் அமுக்குவார். 'வாம்மா.' குரல் என்னுது, கேட்டதும் கண்டுபிடிச்சிடுவே, சிரிச்சிடாதே. சொல்றது உங்கப்பா.